எல்லா ஊர்வலத்திலும் ஒருத்தி

அவள் வந்து சேர்வதற்கு முன்னால் அவளுடைய பெட்டி வந்து சேர்ந்தது. எங்கள் தீவின் மீன்பிடிப் பகுதியான ஜங்லிகாட்டில் என் சித்தப்பா நடத்திய நாலு ரூம் லாட்ஜின் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, ஒரு சிவப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆள் எங்கே என்று கேட்டேன். ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டது என்றார்.

கப்பலை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறியவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தாளாம். வழியில் ஒரு தெலுங்கு வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு எதிரே வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி, பெட்டியை லாட்ஜில் கொடுத்துவிடுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனவள், மாப்பிள்ளையின் அத்தைகளுக்கு நடுவில் நின்று ஆட ஆரம்பித்துவிட்டாளாம். பொழுது சாய்கிற நேரத்தில் லாட்ஜுக்கு வந்தாள். நெற்றியில் சந்தனம், தலை நிறைய ஜிகினாத் தூள், கையில் தாம்பூலப் பை. சாப்பாடு ஆயிற்று என்றுதான் முதலில் சொன்னாள். பேரைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னாள். அந்தப் பேரை நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் சரியாக உச்சரித்ததில்லை என்பதால் இங்கேயும் விட்டுவிடுகிறேன். ஜங்லிகாட்டுக்கு அவள் ஈரான் பொண்ணு. சின்னப் பிள்ளைகளுக்கு ஈரானி தீதி, ஈரான் அக்கா.

சுனாமி வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் டிகிரி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பேரைப் பதிந்துவிட்டு, சித்தப்பாவின் லாட்ஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அவளும் என் வயசுப் பெண்தான். மைசூரில் மருந்துப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் தீவில் இஷ்டத்துக்கு இருந்துவிட முடியாது. துறைமுகத்தில் இறங்கும்போதே ஒரு மாசத்துக்கு பர்மிட் கொடுப்பார்கள். கெஞ்சிக் கேட்டால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துத் தருவார்கள். அதற்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் தங்கியவருக்கு வம்பு, தங்க இடம் கொடுத்தவருக்கும் வம்பு. இந்த ஒரு விஷயத்தில் என் சித்தப்பா தூக்கத்தில்கூட பயப்படுவார்.

வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மறுநாளே வெள்ளை மணலையும் நீலத் தண்ணீரையும் தேடி ஹேவ்லாக் தீவுக்கு ஓடுவார்கள். இவள் கடல் இருக்கிற திசையைக்கூடக் கேட்கவில்லை. காலையில் குளித்துவிட்டு வாசலில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். எங்காவது மேளமோ, மைக்கோ, கோஷமோ கேட்டால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டம். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள். வரும்போது அவரவர் சாமியையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தவர்கள். வாரத்துக்கு ஒரு ஊர்வலமாவது தெருவில் போகும்.

ராஞ்சிக்காரர்களின் சர்ச் ஊர்வலத்தில் குருத்தோலை பிடித்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் சுனாமி ஒத்திகை நடத்தினார்கள். சைரன் அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக மேட்டுக்கு ஓட, இவளும் கூடவே ஓடி, மேட்டில் கொடுத்த பிஸ்கட்டை வரிசையில் நின்று வாங்கித் தின்றுவிட்டு வந்தாள். போலியோ சொட்டு மருந்து ஊர்வலத்தில் ஒருமுறை பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எங்கள் லாட்ஜைக் கடந்து போனாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டப் போய் பேனரை விட்டுவிட்டாள். அது காற்றில் பறந்து ஒரு மீன் வண்டிமேல் விழுந்து, மீன்காரர் கத்தி, ஊர்வலமே பத்து நிமிஷம் நின்றது.

பக்கத்து ஷாதிபூரில் நடந்த சமாச்சாரத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு நாள் தப்புச் சத்தம் கேட்டுப் போனாள். ஒரே பூ, வெடி, விசில், முன்னால் நாலு பேர் குத்தாட்டம். இவளும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆடிக்கொண்டே திரும்பிப் பார்த்தபோதுதான் பின்னால் வந்த பல்லக்கில் ஒரு பெரியவர் நெற்றியில் காசு வைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்ததாம். சாவு ஊர்வலம். தப்பு செய்துவிட்டேன், அடிப்பார்கள் என்று ஓரமாக ஒதுங்கியிருக்கிறாள். செத்தவரின் மூத்த மகன் வந்து கையைப் பிடித்து, ஏம்மா நிறுத்திட்டே, ஆடு, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மறுபடி நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். காரியத்துக்கும் அழைப்பு வந்தது. செத்தவரின் மனைவி போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டுக்காரர் போனதுக்கு ஈரான்லேருந்து ஆள் வந்துச்சு, தெரியுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துக்கத்திலும் ஒரு பெருமை.

எனக்கு ஒரு நாள் தாங்கவில்லை. உனக்கென்ன பைத்தியமா, எந்தக் கூட்டம் எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் பின்னாலேயே போகிறாயே என்று கேட்டேன். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து கதை கதையாகச் சொல்கிறவள் அன்று கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள். சின்ன வயசில் முஹர்ரம் ஊர்வலத்தில் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பாராம். ஊரே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுது நடக்கும். தெருவோரத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடக்கிறவர்களுக்கு சர்பத் கொடுப்பார்கள். மேலே உட்கார்ந்து குடித்த அந்த சர்பத்தின் ருசிதான் அவளுக்குத் தெரிந்த பக்தி.

"நான் கடவுளை ரூமுக்குள்ள பார்த்ததே இல்லை. நடக்கிற கூட்டத்துலதான் பார்த்திருக்கேன்" என்றாள்.

வளர்ந்த பிறகு கூட்டம் என்றாலே யார் யார் நடக்கிறார்கள் என்று படம் பிடிக்கிறவர்களும் கூட வந்தார்கள். ஒரு கோடையில் அவளும் அவள் அண்ணனும் அரசாங்கத்தை எதிர்த்துப் போன ஒரு கூட்டத்தில் நடந்தார்கள். வாயைக்கூடத் திறக்கவில்லை, சும்மா நடந்தார்கள். சில நாளில் வீட்டுக்கு ஆள் வந்தது. அவர்கள் பிடித்துக்கொண்டு போன அண்ணன் பல மாசம் கழித்துத் திரும்பி வந்தான். வந்தவன் அதற்கப்புறம் வாசல்வரைக்கும்கூட நடப்பதில்லை. தங்கை எங்கே என்று கேட்டு மறுபடி ஆள் வருவதற்கு முன்னால் அப்பா அவளை மைசூருக்கு அனுப்பிவிட்டார். படிப்பு முடியும்வரை, விசா இருக்கும்வரை, திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பினார். கடவுளும் போச்சு, கூட்டமும் போச்சு என்று மைசூரில் ஒரு வருஷம் ஹாஸ்டல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். பிறகு ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே யாருடைய பிள்ளையாரோ போயிருக்கிறார். இறங்கிப் பின்னால் போயிருக்கிறாள். யாரும் படம் பிடிக்கவில்லை. ஒருத்தர் சுண்டல் கொடுத்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன். அவள் அதற்குள் காதைத் திருப்பிவிட்டாள். தூரத்தில் மேளம் கேட்டது. எழுந்து ஓடிவிட்டாள்.

அந்த ஓட்டம் ஒரு நாள் ஏடாகூடமான இடத்தில் போய் நின்றது. தினக்கூலித் தொழிலாளர்கள் ஏதோ கோரிக்கைக்காகக் கொடி பிடித்துப் போனார்கள். "இன்குலாப் ஜிந்தாபாத்" என்று கோஷம். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வார்த்தையும் அவர்கள் ஊரில் பேசுகிற வார்த்தையாம். கடல் கடந்து வந்த இடத்தில் நடுத்தெருவில் நூறு பேர் தன் பாஷையில் கத்துகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? முன்வரிசைக்குப் போய் எல்லோரையும்விட உரக்கக் கத்தியிருக்கிறாள். தலைவரே திரும்பிப் பார்த்து மைக்கைக் கொடுத்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் லாட்ஜுக்கு வந்தார். நல்ல மனிதர், டீ குடித்துக்கொண்டே பேசினார். வெளிநாட்டுக்காரி கொடி பிடித்தால் பர்மிட்டைப் பிடுங்கிவிடுவார்கள், விசாவுக்கும் எழுதிப்போடுவார்கள், அப்புறம் படிப்பாவது ஒன்றாவது, அவள் ஊருக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா வியர்த்துக் கொட்டி, மின்விசிறியைப் போட்டும் போதாமல் விசிறியாலும் விசிறிக்கொண்டார். "அரே பேட்டி, மகளே, கல்யாணத்துக்குப் போ, சாவுக்குப் போ, நான் வேணாங்கல. கொடி இருந்தா மட்டும் போகாதம்மா" என்று கும்பிட்டார். அவள் ரொம்ப சமத்தாகத் தலையாட்டினாள். கொடி இல்லாத இடமாகப் பார்த்துப் போகத்தான் ஆரம்பித்தாள். வினையும் அங்கேதான் இருந்தது.

லாட்ஜுக்குப் பின்னால் மேட்டில் தகரக் கொட்டகை போட்ட மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து சுனாமிக்குத் தப்பி வந்த சில குடும்பங்கள் போட்டது. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறிக் கச்சாலுக்கு வந்து, கச்சாலிலிருந்து மறுபடி கப்பலேறி இங்கே வந்தவர்கள். பூசாரி ஒரு அம்மாள். ஐம்பது வயசு, ரப்பர் மரம் சீவிக் காய்த்த கை. புருஷனையும் இரண்டு பெண்களையும் அலை கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து அவர் கடலைப் பார்ப்பதில்லை. ஜங்லிகாட்டில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது லேசான காரியமில்லை, எந்தத் தெருமுனைக்குப் போனாலும் எட்டிப் பார்க்கும். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்று வழியாகவே போவார், வருவார். வாய் மட்டும் மேட்டிலிருந்து மீன் ஜெட்டிவரை கேட்கும்.

பங்குனித் திருவிழாவுக்கு அந்தக் கோயிலில் காப்புக் கட்டினார்கள். பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் வரிசையில் நின்று கையை நீட்ட, பூசாரியம்மா மஞ்சள் கிழங்கு கோர்த்த நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டே வந்தார். கட்டும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். வரிசை என்று ஒன்று இருந்தால் நம்மாள் நிற்காமல் இருப்பாளா? நின்றாள், நீட்டினாள், கட்டியாயிற்று. மூன்று முடிச்சையும் போட்டு கண்ணைத் திறந்த பூசாரியம்மா, பழுப்பு முடியும் ஜீன்ஸுமாக ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மேளக்காரர் அடியை நிறுத்திவிட்டார்.

காப்புக் கட்டினால் என்ன சட்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கவுச்சி கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பால்குடம் எடுத்துக் காப்பு அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பால்குடம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அவளுக்குச் சென்னைக் கப்பல் வியாழக்கிழமை. கெஞ்சி வாங்கிய இரண்டு வாரமும் சேர்த்து, பர்மிட் முடிவதும் அதே வியாழக்கிழமை.

அன்று லாட்ஜ் வராந்தாவில் நடந்த பஞ்சாயத்தைச் சொல்லி மாளாது. சித்தப்பா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். தெரியாமல் கட்டியது, வெட்டினால் குற்றமில்லை என்றார். பூசாரியம்மா மேட்டிலிருந்து இறங்கி வந்து, "கட்டுனது நானில்ல, ஆத்தா. வெட்டுறதுன்னா ஆத்தாகிட்ட கேட்டுட்டு வெட்டுங்க" என்றார். சித்தப்பா கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான்தான் நடுவில் நின்று இதையெல்லாம் அவளுக்கு ஹிந்தியில் சொன்னேன். காப்பு என்றால் இன்னது, எல்லை என்றால் இன்னது, நீ வெள்ளிக்கிழமைவரை இருந்தால் பர்மிட் போகும், விசா போகும், உன்னை ஊருக்கு அனுப்புவார்கள், அண்ணனைக் கேட்டவர்கள் உன்னையும் கேட்பார்கள். ஆகவே கையை நீட்டு, அவிழ்த்துவிடலாம் என்றேன்.

அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிறந்ததிலேருந்து எனக்கு மத்தவங்கதான் எல்லாத்தையும் கட்டிவிட்டாங்க. இது ஒண்ணுதான் நானே கையை நீட்டிக் கட்டிக்கிட்டது. இதையும் மத்தவங்க அவுக்கணுமா?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். பூசாரியம்மா வெற்றிலையை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "மீனு திங்காம இருந்துருவாளான்னு கேளு" என்றார். அவ்வளவுதான். கோயில் தரப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இருந்தாள் ஐயா, இருந்தாள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் மீன் வறுக்கிற வாசனை வருகிற ஜங்லிகாட்டில், தினம் இரண்டு வேளை மீன் சாப்பிட்டவள், மூக்கைப் பிடித்துக்கொண்டு தயிர்சாதம் தின்றாள். தரையில் படுத்தாள். என் மஞ்சள் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டே மேட்டுக்கும் லாட்ஜுக்கும் நடந்தாள். சாயங்காலம் கோயிலில் பானகம் கொடுத்தபோது ஒரு வாய் குடித்தவள், டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் வேறாம், வெல்லம் வேறாம், ஆனால் அதே சர்பத்தாம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பூசாரியம்மா இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

சித்தப்பா அவளைக் கூட்டிக்கொண்டு பர்மிட் ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்தவர் காப்பைப் பார்த்தார், கும்பிட்டார், ஆனால் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கப்பல் தாமதமானால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கப்பல் இல்லாமல் நீந்தியா போக முடியும் என்றாராம்.

சித்தப்பா இந்தச் செய்தியைக் கொண்டுவந்ததும் தெருவே துள்ளியது. கப்பல் தாமதமாவதா, அது எங்களுக்கு என்ன புதுசா? எங்கள் ஊரில் பிறந்து, கப்பலுக்காக மூட்டை மேல் உட்கார்ந்து பொழுதைக் கழிக்காதவன் யார்? என்ஜின் கோளாறு, காற்று, ஆள் இல்லை, தண்ணி ஏற்றவில்லை, ஏதாவது ஒன்று வரும். நேரத்துக்குக் கிளம்பினதாக ஒரு கப்பலை யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். ஒரே ஒரு நாள் தாமதம் போதும். காய்கறிக்காரர் கப்பலின் பழைய கோளாறுகளை எடுத்துச் சொன்னார். தையல்காரர் புதன்கிழமை புயல் சின்னம் வரும் என்றார். நான் அவளுக்காக வெள்ளிக்கிழமை கட்ட இன்னொரு புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இலை அசையவில்லை. கப்பல் முந்தின நாளே வந்து, தண்ணீர் ஏற்றி, சாமான் ஏற்றி, ஹாடோ துறைமுகத்தில் தயாராக நின்றது. என்ஜின் இதுவரை இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்று கப்பலில் வேலை செய்கிற ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். தையல்காரர் அவரை அடிக்கப் போய்விட்டார்.

நாங்கள் ஒரு கூட்டமாகத்தான் ஹாடோவுக்குப் போனோம். அவள் மஞ்சள் புடவையில், காப்புக் கையோடு, சிவப்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஏறவில்லை. எல்லோரும் ஏறியாயிற்று. ஷாதிபூரில் செத்த பெரியவரின் மனைவி, அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்கப் போகிறவர், மேல் தளத்திலிருந்து வா வா என்று கையைக் காட்டினார். சித்தப்பாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பேட்டி, ஏறிடும்மா, ஊருக்கு அனுப்பிடுவாங்கம்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். ஏறினால் இவங்க சாமிகிட்ட நான் சொன்ன வார்த்தை போகும், ஏறாட்டி நான் போவேன், இல்லையா என்றாள். ஏறு என்று சொல்ல வாய் வரவில்லை, இரு என்று சொல்ல மனசு வரவில்லை. அன்று போல நான் என்றைக்கும் தவித்ததில்லை.

அப்போது துறைமுகக் கேட்டில் பெரிய சத்தம் கேட்டது. பாஸ் இல்லாமல் யாரோ உள்ளே வருகிறார்கள், காவலர் தடுக்கிறார். பாசாவது கீசாவது, ஆத்தா வர்றா, வழிய விடு என்று ஒரு குரல். பூசாரியம்மா. தலையில் வேப்பிலை செருகிய பித்தளைக் குடம், முக்காடு மூக்குவரை. சுனாமிக்கு அப்புறம் அவர் கடல் பக்கம் வந்தது அன்றுதான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"இந்தா புள்ள, எந்திரி. இதை அவளுக்குச் சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்க ஆத்தாவுக்கு எல்லை கச்சால்ல. கோயிலு, லயத்து வீடு, ரப்பர் காடு, எல்லைக் கல்லு, அம்புட்டும் கடலுக்குள்ள போயிருச்சி. இங்க நாங்க புது எல்லை போடவே இல்ல. அப்ப எங்க எல்லை எது? கடலுதான். இவ கடல்ல இருக்கிற வரைக்கும் எல்லைய தாண்டல. நாளைக்குக் காலையில கப்பல்லயே குடம் எடுக்கச் சொல்லு. பாலைக் கடல்ல ஊத்திட்டு, காப்பை அவுத்து விட்டுரச் சொல்லு. கரை கண்ணுல படுறதுக்கு முன்ன செஞ்சிரணும். அம்புட்டுத்தான்."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் புரிந்துகொண்டாள். பூசாரியம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். குடம் சாய, முக்காடு சரிய, அந்தச் சுற்றில் பூசாரியம்மா கடலைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். விடுடி விடுடி என்று கத்தினார். சித்தப்பா பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் ஒரு பால்பவுடர் பொட்டலம் வாங்கிவந்து அவள் பையில் திணித்தார். எங்கள் தீவில் பால்குடம் என்றால் பாதி பால்பவுடர்தான், மாரியம்மனும் அதற்குப் பழகிவிட்டாள். இடுப்பில் குடமும் கையில் பெட்டியுமாக அவள் படியேறினாள். கப்பல் சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிஷம் பிசகாமல், கிளம்பிப் போய்விட்டது.

சென்னையில் இறங்கியதும் எனக்கு போன் செய்தாள். ஒரே இரைச்சல். ஆச்சு, எல்லாம் ஆச்சு என்று கத்தியதுதான் காதில் விழுந்தது. அவள் படிப்பை முடித்தாள், பிறகு ஏதோ குளிர் தேசத்துக்குப் போனாள், மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இப்போதும் எப்போதாவது போன் வரும். பின்னால் மேளமோ பேண்டோ எதுவோ ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். என்ன ஊர்வலம் என்று கேட்டால், தெரியவில்லை, நடந்துகொண்டிருக்கிறேன் என்பாள்.

கப்பலில் நடந்ததை முழுசாகச் சொன்னவர் ஷாதிபூர் அம்மாதான். ராமேஸ்வரம் போய்த் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் லாட்ஜுக்கு வந்துவிட்டார். பூசாரியம்மாவையும் கூட்டிவரச் சொல்லி, எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெண் பால்பவுடரைக் கரைத்துக் குடத்தில் ஊற்றி, கேண்டீனில் வாங்கிய மஞ்சள் தூளை நெற்றியில் பூசிக்கொண்டு, தளத்தில் தனியாக நடக்க ஆரம்பித்திருக்கிறாள். நாலு எட்டு வைப்பதற்குள் ராமநாதபுரத்துக்கு லீவில் போகிற ஒரு குடும்பம் பின்னால் சேர்ந்துகொண்டது. அப்புறம் கீழ்த்தளத்து பங்க் கிளாஸில் படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வங்காளிப் பெண்கள் அவர்கள் குலவையான உலு சத்தம் கொடுத்தார்கள். ஒரு தெலுங்குக்காரர் சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்டார். கப்பல்காரர்கள் முதலில் விரட்டப் பார்த்து, பிறகு வழிவிட்டு, கடைசியில் ஒருவர் கப்பல் சங்கை ஊதினாராம். தளத்தை மூன்று சுற்று.

"நான் தீட்டுக்காரி, தள்ளித்தான் நின்னேன். ஆனா குலவை போட்டுட்டேன்" என்றார் ஷாதிபூர் அம்மா. "அந்தப் பொண்ணு பாதியில திரும்பிப் பார்த்துச்சு. தனக்குப் பின்னாடி அம்புட்டுக் கூட்டம். நின்னு போச்சு. அது மொகத்தைப் பாக்கணுமே."

அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். யார் யாருடைய ஊர்வலத்திலோ பின்னால் நடந்தவள் அன்றைக்குத்தான் முன்னால் நடந்தாள்.

பூசாரியம்மா இதையெல்லாம் கேட்கவில்லை போல வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாலை ஊத்துறப்ப கரை தெரிஞ்சிச்சா?"

"கரையா? சுத்திச் சுத்தித் தண்ணிதான். காக்காகூடக் கிடையாது."

பூசாரியம்மா மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்ப எம் புள்ளைகளுக்கும் இந்த வருசம் திருவிழா போய்ச் சேந்திருச்சி" என்றார்.

சித்தப்பா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். நான் அழுதேன். பூசாரியம்மா அழவில்லை. முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டு எழுந்து, கோயில் குடத்தைத் திருப்பித் தராமல் கொண்டுபோய்விட்டாளே அந்த ஈரான்காரி, அவளுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா என்று திட்ட ஆரம்பித்தார். மேடு ஏறும்வரை திட்டிக்கொண்டே போனார். போனது சுற்று வழியில் இல்லை, கடல் தெரிகிற நேர்வழியில்.